ஐந்து குவார்ட்டர் தண்ணீர்

போன மாதம் ஒரு புதன்கிழமை, காலை ஒன்பதே காலுக்கு ரேவதி தொலைபேசியில் அழைத்தார். நான் வேலை பார்த்த டயாலிசிஸ் பிரிவில் பல வருடம் முன்பு ஆறு வருடம் செவிலியராக இருந்தவர். இப்போது அதே மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை வார்டைக் கவனிக்கிறார். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது.

"சார், இப்ப அட்மிஷன் எல்லாம் கம்ப்யூட்டர்ல. உறவுமுறைன்னு ஒரு கட்டம் வருது. அதுல ஒண்ணைத் தொட்டாத்தான் அடுத்த பக்கமே போகுது. ஒரு அம்மா வந்திருக்காங்க, சக்கரை, கால் விரல்ல புண்ணு. நாளைக்கு விரலை எடுக்கணும். கூட யாரும் இல்ல. யாரு வேணும்னு கேட்டா 'எழுதாம வுடு'ன்றாங்க. அட்டை இருந்த காலத்துல நாம என்ன பண்ணோம்?"

"பேர் என்ன?"

"தேசம்மா. உங்களைத் தெரியும்னு சொல்றாங்க. 'அந்தத் தராசுக்காரன் கீறானா'ன்னு கேட்டாங்க."

தராசுக்காரன் நான்தான். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து பழைய நாட்குறிப்புகளில் இரண்டை எடுத்தேன். எனக்கு வேண்டியது ஒரு தொலைபேசி எண். ஒரு காலத்தில் நோயாளியைக் கேட்காமல் அந்த எண்ணை அழைத்துப் பெரிய தவறு செய்தேன். ரேவதியின் கேள்விக்குப் பதில் அந்தத் தவறில்தான் இருக்கிறது. போனில் சொல்ல நேரமில்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் டயாலிசிஸ் டெக்னீஷியன். முதலில் மணலியில் ஓர் ஆலையில் கருவிகள் பழுது பார்த்தேன். அது மூடியதும் ஓராண்டுப் படிப்பு, ஆறு மாதப் பயிற்சி. பிறகு இருபத்தாறு வருடம் அரசு மருத்துவமனை. படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வேலையைப் பற்றிச் சொல்லலாம்.

சிறுநீரகம் வேலை செய்யாதவருக்குக் குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை, உடம்பிலேயே தங்கும். வாரம் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம், இயந்திரம் அதை எடுக்க வேண்டும். எவ்வளவு எடுப்பது என்பதை எடைதான் சொல்லும். தண்ணீர் தேங்காத உடம்பின் எடைக்கு டிரை வெயிட் என்று பெயர். நோயாளி உள்ளே வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறுவார். இன்றைய எடையில் டிரை வெயிட்டைக் கழித்தால் வருவது நாங்கள் எடுக்க வேண்டிய தண்ணீர். ஒன்றரை கிலோ என்றால் நல்லது, இரண்டு பரவாயில்லை. நாலு என்றால், அதை இழுக்கும்போது ரத்த அழுத்தம் விழும், கால் நரம்பு சுருட்டிக்கொள்ளும், சிலருக்கு இதயமே நின்றுபோகும்.

எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாளர் சகாயமேரி சிஸ்டர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. காலை ஆறு இருபதுக்கு வருவார். ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் நின்று, நோயாளியின் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி, மனதுக்குள் ஐந்து எண்ணி எடுப்பார். குழி விழுந்து அப்படியே நின்றால் நீர் இருக்கிறது என்று பொருள். அட்டையில் உள்ள எடையை அதன் பிறகுதான் பார்ப்பார். நோயாளிக்கு முன்னால் எங்களை ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அட்டையில் சரியில்லை என்று படுகிற இடத்தின் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போவார். இரண்டரை மணிக்கு ஷிஃப்ட் முடிவதற்குள் நாங்கள் புள்ளிகளைத் தேடி, ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல வேண்டும். தெரியாது என்று சொன்னாலும் கோபிக்கமாட்டார். "அப்ப நாளைக்குத் தெரிஞ்சுக்கிட்டு வாங்க" என்பார். காரணம் கிடைத்த பிறகு புள்ளியை நாங்களே ரப்பரால் அழிக்கலாம். அதுவரை அது அங்கேயே இருக்கும்.

கஸ்தூரி எங்களிடம் வந்தபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. திருவொற்றியூரில் தீப்பெட்டித் தொழிற்சாலையில் பெட்டி அடைக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான, அதிகம் பேசாத பெண். டிரை வெயிட் நாற்பத்தாறரை. அவரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தவர் தேசம்மா. அவருக்கு அறுபது. காசிமேட்டில் கருவாட்டு வியாபாரம். அவர் படியேறும்போதே குரல் எங்கள் அறைக்குள் வந்துவிடும்.

நோயாளி அட்டையில் ஏழாவது வரி, பொறுப்பான உறவினரின் பெயர், உறவுமுறை, தொலைபேசி எண்.

"அக்கா தங்கச்சியா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றார் தேசம்மா.

"வேற என்ன சொந்தம்?"

"ஒரே வூடு, நைனா."

"ஒரே வீடுன்னா? பக்கத்துப் போர்ஷனா?"

"ஒரே வூடுன்னா ஒரே வூடு. இருபத்தேழு வருசமா ஒரே வூடு. ஒனக்கு இன்னா, ரேசன் கார்டா குடுக்கப்போற?"

நான் எழுதவில்லை. ஆனால் அட்டையில் ஒரு வரி காலியாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. மூன்றாவது முறை வந்தபோது, தேசம்மா டீ குடிக்கப் போன நேரம் பார்த்துக் கஸ்தூரியிடம் கேட்டேன். கூடப் பிறந்தவர் யாராவது?

அவர் மின்விசிறியைப் பார்த்தார். "ஒரு தம்பி. தனசேகரு. அத்திப்பட்டுல கீறான்." எண்ணை மனப்பாடமாகச் சொன்னார். பிறகு, "பேசறதில்ல தம்பி. எழுதித்தான் ஆவணுமா?" என்றார்.

"ரூல்ஸ்மா."

எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். தேசம்மாவின் எண்ணை அட்டையில் எங்கும் குறிக்கவில்லை. அதற்கென்று வரி இல்லை.

அன்று மதியம் ஏழாவது வரியின் பக்கத்தில் ஒரு பென்சில் புள்ளி இருந்தது. "கூடப் பிறந்த தம்பி சிஸ்டர், சரியாத்தான் எழுதியிருக்கேன்" என்றேன்.

"யார் கூட்டிட்டு வர்றது?"

"அந்தக் கருவாட்டுக்கார அம்மா."

"ம்" என்று சொல்லிவிட்டு அடுத்த அட்டையை எடுத்தார். புள்ளியை அழிக்கலாமா என்று நானும் கேட்கவில்லை.

தண்ணீர்க் கணக்கை வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கு அரைமணி நேரம் வகுப்பு எடுப்போம். ஒரு நாளைக்கு மொத்தம் தொள்ளாயிரம் மில்லி, டீ, ரசம், மோர், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் சேர்த்து என்று சொன்னேன்.

"மில்லி கில்லி எல்லாம் எனக்குத் தெரியாது. குவார்ட்டர்ல சொல்லு" என்றார் தேசம்மா.

ஆறு கட்டிலும் சிரித்தன. நான் கணக்குப் போட்டேன். குவார்ட்டர் பாட்டில் நூற்றெண்பது. "அஞ்சு குவார்ட்டர்."

அடுத்த முறை ஒயர் கூடையிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்துக் காட்டினார். லேபிளைச் சுரண்டியிருந்தார். "பத்து தபா சுடுதண்ணில கயுவினேன். இனிமே இதான் இவளுக்கு அளவு."

"காலைல ஒரு குவார்ட்டரு முடிஞ்சிது, மத்தியானத்துக்கு ஒண்ணுதான்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துறா தம்பி" என்றார் கஸ்தூரி. "பக்கத்துல எல்லாம் என்னைக் குடிகாரின்னு நெனச்சிகினாங்க."

"நெனைக்கட்டுமே. இத்தினி வருசமா நம்மள இன்னா இன்னாவோ நெனச்சானுங்க. இது பரவால்ல."

கருவாட்டில் உப்பு அதிகம், கூடாது என்று சொல்லியிருந்தேன். அதன் பிறகு அந்த வீட்டில் கருவாடு சமைக்கவில்லை. வாசனை பட்டால் இவருக்கு ஆசை வரும் என்று, தேசம்மா மார்க்கெட்டிலேயே புடவை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். என் நாட்குறிப்பில் அந்த மாதங்களின் எண்கள் இருக்கின்றன. 1.4, 1.6, 1.3, 1.5. ஒரே ஒரு நாள் இரண்டைத் தாண்டியது, பொங்கலுக்கு மறுநாள். "நான்தான் கணக்கு வுட்டேன், அவளைத் திட்டாத" என்று தேசம்மா தானாக வந்து சொன்னார்.

ஊசி குத்துகிற இடது கையில் வளையல் போடக் கூடாது என்பது எங்கள் விதி. கஸ்தூரி கழற்றிவிட்டார். சில வாரம் கழித்துத்தான் கவனித்தேன், தேசம்மாவின் இடது கையும் வெறுமையாக இருந்தது. அவருக்கு எதற்கு என்று கேட்டேன். "அவ கை மொட்டையா கீது, எனக்கு மட்டும் இன்னாத்துக்கு?" என்றார்.

ஒரே வீடு என்றால் என்ன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கணவன் மனைவி எப்படி வாழ்வார்களோ அப்படி வாழ்ந்தவர்கள். தன்பாலின ஈர்ப்பு, சிறுபான்மையினர், உரிமை என்றெல்லாம் இப்போது பயிற்சி வகுப்புகளில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள், நல்லதுதான். அவர்கள் இருவரும் தங்களுக்கு எந்தப் பெயரும் வைத்துக்கொள்ளவில்லை. நானும் கேட்கவில்லை. புரிந்த அன்றாவது ஏழாவது வரியைத் திருத்தியிருக்க வேண்டும். செய்யவில்லை. உறவு என்றால் ரத்தம் அல்லது தாலி என்றுதான் என் தலையில் இருந்தது.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கரை திரும்பிய வாரம் அது, ஒரு செவ்வாய்க்கிழமை. கஸ்தூரியை ஏழு மணிக்குக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, பத்தரைக்கு வந்துவிடுகிறேன் என்று தேசம்மா மார்க்கெட்டுக்குப் போனார். எட்டே முக்காலுக்குக் கஸ்தூரிக்கு ரத்த அழுத்தம் விழுந்தது. எண்பது, ஐம்பது. கண் சொருகிவிட்டது. கால்மாட்டை உயர்த்தி, தண்ணீர் இழுப்பதை நிறுத்தி, சலைன் கொடுத்தோம். ஆறு நிமிடத்தில் கண் திறந்தார். இது எங்களுக்குப் பழக்கமான விஷயம். ஆனால் நோயாளி மயங்கினால் உறவினருக்குச் சொல்ல வேண்டும் என்று விதி. நான் ஏழாவது வரியைப் பார்த்து அந்த எண்ணை அழைத்தேன். கஸ்தூரி விழித்துத்தான் இருந்தார். கூப்பிடட்டுமா என்று அவரைக் கேட்கவில்லை.

தனசேகர் மனைவியோடு பதினொன்றுக்கு வந்தார். அனல் மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி, வேலைச் சட்டையோடு வந்திருந்தார். வெளிவராந்தாவில் தேசம்மாவை நேருக்கு நேர் பார்த்தார்.

"இன்னும் நீதான் கீறியா?"

"நான் எங்க போவேன்?"

"எங்க அக்காவை இந்தக் கெதில வெச்சிகினு, எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லல."

"பேசினாத்தான சொல்றதுக்கு? ஒங்கம்மா சாவுக்கு எங்களை வாசப்படி ஏத்துனியா நீ?"

அவர் என் பக்கம் திரும்பினார். "சார், கார்டுல யாரு பேரு கீது?"

"உங்க பேருதான்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

தேசம்மா என்னைப் பார்த்தார். அதுவரை அவருக்கு அது தெரியாது.

தனசேகரைக் கெட்டவராக எழுத முடியாது. கட்டிலருகே போய் "அக்கா" என்று சொன்னதும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. "வூட்டுக்கு வாக்கா, நான் பாத்துக்கிறேன்." அவர் வாயால் அக்கா என்ற சொல்லைக் கஸ்தூரி கேட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கஸ்தூரி தேசம்மாவைப் பார்த்தார். தேசம்மா, "போயி ஒரு பத்து நாள் இருந்துட்டு வா. தம்பி கூப்புடுறான்ல" என்றார்.

பத்து நாள் ஐந்து வாரமானது. தனசேகரின் மனைவி உடன் வந்தார். உள்ளே வர ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ்தான், அது உறவினருக்கு. அத்திப்பட்டு வீட்டுக்குத் தேசம்மா இரண்டு முறை ரயிலேறிப் போனார். இரண்டு முறையும் தூங்குகிறார்கள் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் எங்கள் படிக்கட்டுக்குக் கீழே இருந்த சிமெண்ட் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். மடியில் ஒயர் கூடை, அதற்குள் பாட்டில். கஸ்தூரி படியேறும்போது இருவரும் பார்த்துக்கொள்வார்கள். தம்பி மனைவி பேச விடமாட்டார்.

"இன்னிக்கி எவ்ளோ, நைனா?" என்று என்னைக் கேட்பார்.

"அட்டையில பேர் இல்லாதவங்களுக்குச் சொல்லக் கூடாதும்மா."

இரண்டு வாரம் அப்படித்தான் சொன்னேன். மூன்றாவது வாரம், டீ வாங்கப் போகிறவன் போல அவரைத் தாண்டிப் போகும்போது கையைத் தொங்கவிட்டு நாலு விரலைக் காட்டினேன். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க எனக்குத் தைரியமில்லை.

எண்கள் இப்படிப் போயின. 2.6, 3.1, 3.8, 4.1. சகாயமேரி சிஸ்டர் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் புள்ளி வைத்தார். நான் தனசேகரை வரச்சொல்லி விளக்கினேன்.

"தண்ணி சார். பச்சத் தண்ணி. கேக்கும்போது அத்தகூட இல்லேன்னு சொன்னா நான் மனுசனா?" என்றார். தினமும் ஓர் இளநீர் வேறு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதில் உள்ள பொட்டாசியம் இவர்களுக்கு விஷம் மாதிரி என்று சொன்னதும் பதறிப்போனார். இளநீர் நின்றது. தண்ணீர் நிற்கவில்லை.

கஸ்தூரியிடம் தனியாகக் கேட்டேன், ஏன் அம்மா இவ்வளவு குடிக்கிறீர்கள் என்று. "அங்க யாரும் எண்றதில்ல தம்பி. கேட்டா குடுக்கறாங்க. எண்றதுக்கு ஆள் இல்லாங்காட்டி எனக்கு நிறுத்தத் தெரியல" என்றார்.

ஆறாவது வாரம் வியாழக்கிழமை அவர் வரவில்லை. ரயில் தடத்தில் ஏதோ கோளாறு என்று பிறகு சொன்னார்கள். சனிக்கிழமை காலை அவரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே மூச்சுக்கு அலைந்தார். தராசில் நிற்கவைத்துப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். டிரை வெயிட்டுக்கு மேல் 5.2. மருத்துவர் பக்கத்திலேயே இருந்தார். ஒரே நாளில் அவ்வளவும் எடுக்க முடியாது. மூன்றரை எடுப்பது, மீதிக்கு மறுநாளும் வரச் சொல்வது என்று முடிவு செய்தோம்.

பதினொரு மணிக்கு மூச்சு சீரானது. சிஸ்டர் அட்டையை என்னிடம் நீட்டினார். ஏழாவது வரியில் பழைய புள்ளிக்குப் பக்கத்தில் இரண்டாவது புள்ளி.

"காரணம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது சிஸ்டர். நான்தான். ஆனா எழுதினது தப்பில்லையே, தம்பிதானே?"

"எழுதினது சரி. நீங்க யாரு சொந்தம்னு கேட்டீங்க. யாரு பார்த்துக்கிறாங்கன்னு கேக்கலை." பிறகு, "கீழ பெஞ்சுல இருக்கிற அம்மாவைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

"பாஸ் ஒண்ணுதான் சிஸ்டர்."

"நான் எழுதிக்கிறேன், போங்க."

தேசம்மா உள்ளே வந்து கஸ்தூரியின் காலைப் பார்த்தார். வீங்கிப்போயிருந்தது. கட்டிலின் அந்தப் பக்கம் தனசேகர் நின்றார். சிஸ்டர் எப்போதும் போன்ற குரலில், "கஸ்தூரி, இந்த அட்டையில யார் பேர் இருக்கணும்? நீங்க சொல்லுங்க. நீங்க சொல்றதை எழுதுறோம்" என்றார்.

"அவங்கள எதுக்கு சிஸ்டர் கேக்கறீங்க? நான் கூடப் பொறந்தவன்" என்றார் தனசேகர். "இவ யாரு எங்க அக்காவுக்கு?"

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் தினத்தாளைத் தாழ்த்தினார். இருபத்தெட்டு வருடமாக யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி அது. கையில் இரண்டு ஊசியோடு, எழுந்து போக முடியாத இடத்தில், கஸ்தூரி பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"எனக்குத் தண்ணி அளக்குறவ, சேகரு" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "நான் கேட்டா நீ குடுத்துடற. நான் அயுதாலும் அவ குடுக்க மாட்டா. நான் இருக்கணும்னு அவளுக்கு அவ்ளோ பிடிவாதம். அவகூடத்தான் நான் குடும்பம் நடத்துறேன். ஒனக்குத் தெரியும். அம்மாக்கும் தெரிஞ்சித்தான் செத்துச்சி. என்னை அவகிட்ட வுட்டுடு."

தனசேகர் வெளியே போய்விட்டார். அரைமணி நேரம் அவரைக் காணவில்லை. நான் கீழே இறங்கிப் பார்த்தபோது, அந்த சிமெண்ட் பெஞ்சில் தேசம்மா உட்காருகிற இடத்தில் உட்கார்ந்திருந்தார். திரும்ப மேலே வந்து, தேசம்மாவைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக் கேட்டார்: "ஞாயித்துக்கெயமைல வந்து பாக்கலாமா?"

"வா. ஒன் அக்கா வூடுதான" என்றார் தேசம்மா. "இளநி மட்டும் வாங்கினு வராத."

ஏழாவது வரியில் பழையதை ஒரே கோடால் அடித்து, மேலே எழுதினேன். தேசம்மா. எண். உறவுமுறை என்ற இடத்தில் என் பேனா நின்றது. சிஸ்டர் எட்டிப் பார்த்து, "அவங்க சொன்ன வார்த்தையையே போடுங்க" என்றார். குடும்பம் என்று எழுதினேன். பிறகு ரப்பரை எடுத்து இரண்டு புள்ளிகளையும் அழித்தேன்.

இரண்டு வாரத்தில் எண்கள் 1.9, 1.6, 1.5 என்று இறங்கின. அதன் பிறகு கஸ்தூரி நாலு வருடம் மூன்று மாதம் இருந்தார். ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் வார்டிலேயே, இதயம் நின்று இறந்துபோனார். நான் ஏழாவது வரியைப் பார்த்து அழைத்தேன், தேசம்மா வந்தார். தனசேகருக்கு அவர்தான் சொன்னார். கஸ்தூரியின் உடலை அத்திப்பட்டுக்கு எடுத்துப் போகவில்லை. திருவொற்றியூர் வீட்டிலிருந்துதான் எடுத்தார்கள்.

இதற்கெல்லாம் பல வருடம் முன்பு, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் எங்களிடம் வந்துகொண்டிருந்தார். மூன்று வருடம் தனியாகத்தான் படியேறினார். எதிர்ச் சாரி டீக்கடையில் அவர் வயதுள்ள இன்னொருவர் நாலு மணி நேரமும் நின்றுகொண்டிருப்பார், ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. கிரேன்காரர் ஒரு நாள் வீட்டில் இறந்துபோனார், பிள்ளைகள் எங்களுக்குச் சொன்னார்கள். டீக்கடையில் நின்றவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. இன்னும் இரண்டு வாரம் அதே நாட்களில் வந்து நின்றார். ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டே சாலையைக் கடந்தேன். நானும் சொல்லவில்லை. நண்பர் போலிருக்கிறது என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

அதனால், கஸ்தூரி இறந்து பத்து நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்குத் தேசம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும், நான் நேரே போய் மேலே அழைத்துவந்தேன்.

"கால் தானா இங்க வந்துடுச்சி" என்றார். "இன்னா பண்றதுன்னு தெரியல, நைனா. அஞ்சு மணிக்கு எயுந்து பாட்டிலை ரொப்பிட்டேன்."

என்னிடம் இருந்தது தராசுதான். "செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க" என்றேன். 71.2. நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன். அடுத்த செவ்வாயும் வந்தார், அதற்கடுத்ததும். எடை இறங்கிக்கொண்டே போனதால்தான் சக்கரையைச் சோதித்தோம், மாத்திரை தொடங்கியது. நான் ஓய்வு பெற்ற நாளில் 66 இருந்தது. அன்று அவர் எனக்கு ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கொடுத்தார். நான் போன பிறகு செவ்வாய்க்கிழமைகளில் யார் அவரைத் தராசில் ஏற்றுவார்கள் என்று நான் யோசிக்கவில்லை. இரண்டு வருடத்தில் ஒரு முறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. கால் விரலில் புண் வந்து, கறுத்து, அவர் ஆட்டோ பிடித்துத் தனியாக வந்து சேர்ந்த பிறகுதான் ரேவதி என்னை அழைத்தார்.

புதன்கிழமை பத்தரைக்கு வார்டுக்குப் போனேன். ஜன்னலோரக் கட்டில். பாதி உடம்பாகியிருந்தார். குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"தராசை எடுத்துனு வரல?"

"இங்கேயே இருக்கும்மா. நாளைக்கு ஆபரேஷனாமே. யாராவது கூட இருக்கணும், வீட்டுக்குப் போன பிறகு கட்டு மாத்தணும். தனசேகரைக் கூப்பிடட்டுமா?"

"அவன் எதுக்கு? அவ போயி மூணு வருசம் ஆவுது. அவ இருந்தவரைக்கும் ஞாயித்துக்கெயமை வந்தான், மீனு கொயம்பு துன்னான், போனான். அவளே இல்ல, இப்ப இன்னா ஒறவு?"

"சரி. கேக்கத்தான் கேட்டேன். நீங்க வேணாம்னா கூப்பிட மாட்டேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ரேவதி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். கால் மணி நேரம் இருக்கும்.

"போட்டுப் பாரு" என்றார் தேசம்மா. "வரலேன்னா ஒண்ணும் சொல்லாத. வெச்சிடு."

நாட்குறிப்பைப் பார்த்து அழைத்தேன். பழைய எண்தான். நான் சொல்லி முடிப்பதற்குள், "எந்த வார்டு?" என்று கேட்டார். இரண்டு இருபதுக்கு வந்து நின்றார், வேலைச் சட்டையில், கழுத்து வரை வியர்வையோடு. தேசம்மாவின் காலைப் பார்த்தார்.

"இவ்ளோ ஆவுற வரைக்கும் சொல்லணும்னு தோணல?"

"பேசினாத்தான சொல்றதுக்கு" என்றார் தேசம்மா.

ரேவதி கணினியை இழுத்துவைத்துக்கொண்டார். "சார், நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

தனசேகர் திரையில் இருந்த பட்டியலைக் குனிந்து பார்த்தார். கணவர், மனைவி, மகன், மகள், சகோதரர், சகோதரி. நிதானமாகக் கடைசி வரை படித்தார். அக்கா என்று சொல்லியிருக்கலாம், யாரும் ஒன்றும் கேட்டிருக்கமாட்டார்கள். வயதில் மூத்தவரை எல்லோரும் அப்படித்தானே சொல்கிறோம்.

"எனக்கு அண்ணி மொற வருது" என்றார்.

ரேவதி என்னைப் பார்த்தார். அவர் பட்டியலின் கடைசியில் 'பிற உறவினர்' என்பதைத் தொட்டு, கீழே வந்த சின்னக் கட்டத்தில் அண்ணி என்று அடித்தார். அடுத்த பக்கம் திறந்தது.

"தோ பாரு" என்றார் தேசம்மா, கட்டிலிலிருந்து. "மொற கண்டுபுடிக்க இவனுக்கு இத்தினி வருசம் ஆச்சி."

"தெரியும். வாயில வரல" என்றார் தனசேகர். பிறகு என் பக்கம் திரும்பி, சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றையும் பேனாவையும் எடுத்தார். "சார், சக்கரைக்கு எவ்ளோ சோறு போடலாம்? கேட்டா எல்லாம் குடுத்துட மாட்டேன். அளவு சொல்லுங்க, எயுதிக்கிறேன்."

சொன்னேன். ஒவ்வொன்றாகத் திரும்பச் சொல்லி எழுதிக்கொண்டார். கிளம்புவதற்கு முன் தேசம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தராசுவரை தள்ளிக்கொண்டு போனோம். தனசேகர் ஒரு பக்கம் பிடித்துத் தராசில் ஏற்றினார், முள் அசையாமல் நிற்கும்வரை கையை எடுத்துவிட்டு, பிறகு மறுபடி பிடித்தார். 58.4. அவர் அதைத் தன் நோட்டில் எழுதினார். நான் என்னுடையதில் எழுதினேன்.

அறுவை நன்றாக முடிந்தது. தேசம்மா இப்போது அத்திப்பட்டில் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை காலைகளில் தனசேகர் எனக்குப் போன் செய்து ஓர் எண்ணை மட்டும் சொல்வார். நேற்று அறுபது புள்ளி ஒன்று.